பொறி கலங்கிய பிள்ளையை யார் வெளியே அழைப்பது?

தை பிறந்து சம்பா அறுவடை முடியும் நாட்களில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் டீக்கடைச் சுவர்களிலும் பேருந்து நிழற்குடைகளிலும் மின்னொளிக் கபடிப் போட்டிகளின் நோட்டீஸ்கள் ஒட்டப்படுகின்றன. முதல் பரிசு, சுழற்கோப்பை, நுழைவுக் கட்டணம், பரிசு வழங்குவோர் பெயர்கள் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்க, அடியில் விதிமுறைகள் என்ற தலைப்பின் கீழ்ச் சிறிய எழுத்தில் இரண்டு வரிகளை அடிக்கடி பார்க்கலாம். நடுவரின் தீர்ப்பே இறுதியானது. விளையாட்டின்போது ஏற்படும் காயங்களுக்கு விழாக் குழு பொறுப்பல்ல. முதல் வரி புள்ளித் தகராறுக்காக எழுதப்பட்டது. இரண்டாவது வரி, வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் எழுதப்பட்டது. தலையில் அடிபட்ட ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தொடர்ந்து ஆடலாமா, வெளியே வர வேண்டுமா, அதை யார் தீர்மானிப்பது என்று சொல்லும் வரி அந்த நோட்டீஸில் இல்லை. அப்படி ஒரு வரி ஏன் வேண்டும், அதில் என்ன எழுத வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

நம் பக்கத்தில் தலையில் ஓங்கி அடிபட்டவனைப் பற்றிப் பேசும்போது 'பொறி கலங்கிப் போச்சு' என்பார்கள். கண்ணில் பூச்சி பறப்பது, காது அடைப்பது, நிற்கும் இடம் சுழல்வது ஆகிய எல்லாவற்றையும் அந்தச் சொற்கள் பிடித்துவிடுகின்றன. மருத்துவம் இதே நிலையை மூளையதிர்ச்சி என்கிறது; மருத்துவர்கள் பேச்சில் அது கன்கஷன். ஆனால் வழக்கில் பொறி கலங்குவது ஒரு கணத்துச் செய்தி. முகத்தில் தண்ணீர் அடித்து, உச்சந்தலையில் ஒரு கை நீரை வைத்துத் தேய்த்து, 'தெளிஞ்சிருச்சா' என்று கேட்டு, அவன் தலையசைத்துவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. மருத்துவமோ, அந்தக் கணத்தில் தொடங்கும் மாற்றம் மூளைக்குள் பல நாட்களும், பிள்ளைகளிடம் சில வாரங்கள்கூடவும் நீடிக்கும் என்கிறது. ஊர் வழக்குக்கும் மருத்துவத்துக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் சிக்கிக்கொள்கிறார்கள்.

மூளை, மண்டையோட்டுக்குள் நீர் சூழ மிதந்துகொண்டிருக்கும் உறுப்பு. ஓடி வரும் தலை சட்டென்று நின்றாலோ, நிற்கும் தலை சட்டென்று திருப்பப்பட்டாலோ, ஓடு நின்ற பிறகும் மூளை சற்றே நகர்ந்து முறுகுகிறது. நிறைகுடத்தோடு நடப்பவர் திடீரென்று நிற்கும்போது குடம் நின்ற பின்னும் தண்ணீர் தளும்புகிறதல்லவா, அதைப் போன்றது இது. நேராக வரும் இடியைவிடத் தலையைச் சுழற்றிவிடும் இடியே நரம்பிழைகளை அதிகமாக இழுக்கிறது. தலையில் நேரடியாக எதுவும் படாமல், எதிரணியினர் உடலால் மோதித் தள்ளும் டேஷை மார்பில் வாங்கியதால் கழுத்து வெட்டி இழுக்கப்பட்டால்கூட மூளையதிர்ச்சி நேரலாம். இழுபட்ட நரம்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிகிறது. கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிசெய்ய அந்தச் செல்கள் வழக்கத்தைவிட அதிகமான சர்க்கரையைச் செலவிடுகின்றன. அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைகிறது. கதிர் பொதியும் சமயத்தில் முறைப்பாசனம் வைத்தால் கடைமடை வயல் என்ன பாடுபடும் என்பது டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடிபட்ட மூளையின் நிலையும் அந்த நாட்களில் அதுதான். பயிர் பச்சையாகவே தெரியும், உள்ளே பால் பிடிக்காது. அந்த நிலையில் இருக்கும் மூளை மீது இரண்டாவது இடி விழுவதே மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் நிகழ்வு.

பிள்ளைகளிடம் இந்த ஆபத்து கூடுதலாக இருப்பதற்கு உடலமைப்பே காரணம். உடலோடு ஒப்பிட்டால் சிறுவரின் தலை பெரியது, கழுத்துத் தசையோ இன்னும் வலுப்பெறாதது. ஆகவே ஒரே அளவு இடி வந்தாலும் பெரியவர் தலையைவிடச் சிறுவர் தலை அதிகமாகச் சுழல்கிறது. ஒரே விளையாட்டை ஒரே விதிகளில் ஆடும்போது ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு மூளையதிர்ச்சி அதிகம் பதிவாகிறது என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. பெண்கள் கபடி அணிகள் பெருகிவரும் இந்தக் காலத்தில் அது நமக்கும் பொருந்தும் செய்தி.

மயக்கம் போட்டு விழுந்தால்தான் ஆபத்து என்ற நம்பிக்கை இவ்விஷயத்தில் உள்ள மிகப் பெரிய பிழை. விளையாட்டில் நேரும் மூளையதிர்ச்சிகளில் சுயநினைவு இழப்பது நூற்றில் பத்துக்கும் குறைவு என்பது பொதுவான கணக்கு. மற்ற தொண்ணூறு பேரும் எழுந்து நிற்கிறார்கள், நடக்கிறார்கள், 'ஒண்ணுமில்ல மாஸ்டர்' என்கிறார்கள். அவர்களிடம் தெரியும் அறிகுறிகள் சிறியவை: கால் தடுமாறுவது, கேட்ட கேள்விக்குச் சற்றுத் தாமதித்து விடை சொல்வது, எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரியாமல் விழிப்பது, விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்குவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது அல்லது அழுவது. தலைவலியும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், தலைகாட்டும்.

ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது நானும் இப்படி அடிபட்டிருக்கிறேன். கபடிக் களத்தின் இடது மூலையான கார்னரில் நின்று, பாடி வந்த ரெய்டரின் காலைப் பிடிக்கப் பாய்ந்தபோது அவன் முழங்கால் என் நெற்றிப்பொட்டில் மோதியது. எழுந்து நின்று ஆட்டத்தை முடித்தேன், இரண்டு பேரைப் பிடித்தேன், நாங்கள் வென்றோம் என்பதெல்லாம் பிறகு நண்பர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஆட்டத்தின் பிற்பாதி இன்றுவரை என் நினைவில் இல்லை. அன்று என்னிடம் ஆடுகிறாயா என்று கேட்டவருக்கு ஆடுகிறேன் என்று நான் சொல்லியிருக்கிறேன்; அந்தப் பதிலைச் சொன்ன மூளைக்குத் தான் சொன்னதே நினைவில்லை. அடிபட்டவனிடமே கேட்டு முடிவெடுப்பது ஏன் தவறு என்பதை அதன் பிறகு எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் சுயநினைவோடு இருந்தாலும் உண்மையைச் சொல்வதற்குத் தடைகள் பல. மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள வடுவூர் போன்ற ஊர்களில் கபடி பொழுதுபோக்காக மட்டும் ஆடப்படுவதில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய அபினேஷ் மோகன்தாஸ் அந்த ஊர்க்காரர். குறுவட்டப் போட்டியிலிருந்து மாவட்டம், மாநிலம் என்று ஏறிச் செல்லும் ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் சான்றிதழ், கல்லூரி இடத்துக்கும் காவல்துறை, ரயில்வே வேலைக்கும் உதவும் என்று நம்பும் வீடுகள் ஏராளம். தேர்வாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலை சுற்றுகிறது என்று எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? கேப்டனும் அவன் வயதுப் பிள்ளைதான். பயிற்சியாளருக்கோ அந்த ஆட்டத்தில் வெல்ல வேண்டிய தேவை இருக்கிறது. ஆகவே முடிவு இந்த மூவரிடமும் இருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

இந்தக் கருத்தை மற்ற நாடுகள் பெரும் விலை கொடுத்துக் கற்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006-இல் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன் பள்ளிக் கால்பந்தாட்டத்தில், அதாவது அமெரிக்க வகைக் கால்பந்தில், தலை தரையில் மோதி விழுந்தான். சிறிது நேரம் வெளியே உட்கார வைக்கப்பட்டுப் பிற்பாதியில் மீண்டும் களமிறக்கப்பட்டான். ஆட்டம் முடிந்ததும் சரிந்தான். மூளையில் ஏற்பட்ட ரத்தக் கசிவுக்கும் வீக்கத்துக்கும் அறுவை சிகிச்சை செய்யப்பட்டு உயிர் பிழைத்தாலும், பேசவும் நடக்கவும் அவன் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அவன் பெயரால் 2009-இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம் மூன்று விஷயங்களை மட்டுமே கட்டாயமாக்கியது. ஆண்டுதோறும் பெற்றோரும் பிள்ளையும் மூளையதிர்ச்சி பற்றிய குறிப்பைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். சந்தேகம் எழுந்தாலே பிள்ளையைக் களத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்தில் ஒப்புதல் தராமல் திரும்ப ஆடவிடக் கூடாது. 2014-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களும் இதே பொருளில் சட்டம் செய்துவிட்டன. வட அயர்லாந்தில் 2011-இல் பென் ராபின்சன் என்ற 14 வயதுச் சிறுவன் பள்ளி ரக்பி ஆட்டத்தில் பலமுறை இடிபட்டும் தொடர்ந்து ஆடி இறந்த பிறகு, அவன் பெற்றோரின் முயற்சியும் சேர்ந்து ஸ்காட்லாந்து 2015-இல் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான வழிகாட்டியை வெளியிட்டது. 2023-இல் பிரிட்டன் முழுமைக்கும் அது விரிந்தது. சந்தேகம் இருந்தால் உட்கார வை என்பதே அதன் மையம். அந்த வாக்கியத்தின் வலு 'சந்தேகம்' என்ற சொல்லில் இருக்கிறது. மூளையதிர்ச்சிதான் என்று உறுதி செய்ய வேண்டிய பொறுப்பை அது நடுவர் மீது சுமத்தவில்லை. சந்தேகப்பட்டால் போதும் என்கிறது.

மூளையதிர்ச்சியோடு குழப்பிக்கொள்ளக் கூடாத, ஆனால் களத்தில் அதிலிருந்து பிரித்தறிய முடியாத இன்னொரு ஆபத்து உண்டு. மண்டையோட்டுக்கும் மூளையைப் போர்த்திய உறைக்கும் இடையே ரத்தக் குழாய் கிழிந்து கசியத் தொடங்கினால், அடிபட்டவர் முதலில் நன்றாகவே பேசுவார், நடப்பார். ரத்தம் தேங்கி மூளையை அழுத்தத் தொடங்கிய பிறகே நிலை மோசமாகும். இந்தியக் கிரிக்கெட் வீரர் ராமன் லம்பா 1998 பிப்ரவரியில் டாக்காவில் கிளப் ஆட்டம் ஒன்றில் ஹெல்மெட் இல்லாமல் பேட்ஸ்மேனுக்கு மிக அருகில் நின்று ஃபீல்டிங் செய்தார். பந்து தலையில் பட்டது. அவர் தானே நடந்து ஓய்வறைக்குப் போனார். பிறகு நிலை மோசமாகி, அறுவை சிகிச்சைக்குப் பின்னும் மூன்று நாளில், 38 வயதில், இறந்தார். 'நடந்துதானே போனான்' என்று நாம் ஆறுதலாகச் சொல்லும் சொல்லுக்கு மருத்துவத்தில் மதிப்பில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

களத்தில் அடிபட்ட முதல் சில நிமிடங்களில் செய்யப்படும் தவறுகள் நம் ஊர்களில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. விழுந்தவனை இரண்டு பேர் அக்குளிலும் இரண்டு பேர் காலிலும் பிடித்துத் தூக்குவார்கள். அரை நினைவில் இருப்பவன் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவார்கள். அதன் பிறகு இரு சக்கர வண்டியில் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் அவனை உட்கார வைத்து, தலை தொங்க, மேடும் பள்ளமுமான சாலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். உதவும் மனத்தோடு செய்யப்படும் இம்மூன்றுமே கேடு தரக்கூடியவை. தலையை உலுக்கிய இடி கழுத்தெலும்பையும் பெயர்த்திருக்கலாம். நினைவு திரும்பாதவனையும், கழுத்து வலிக்கிறது என்பவனையும், கை கால் மரத்துவிட்டது என்பவனையும் படுத்த இடத்திலேயே தலை அசையாமல் இரு கைகளால் தாங்கிப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். முழு நினைவு இல்லாதவன் வாயில் ஊற்றும் நீர் மூச்சுக் குழலுக்குள் போகும். மூச்சே தடைப்படுமானால் மட்டும், கழுத்தை முறுக்காமல் பலர் சேர்ந்து உடலை ஒருசேர ஒருக்களிக்கலாம்.

எழுந்து உட்கார்ந்து தெளிவாகப் பேசுபவனிடம் சில கேள்விகள் கேட்கலாம். இது எந்த ஊர்க் களம், இப்போது நடப்பது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகப் பாடிப் போனது யார், இதற்கு முந்தைய ஆட்டம் எந்த அணியோடு, அதில் வென்றோமா தோற்றோமா. விளையாட்டு மருத்துவர்கள் உலகெங்கும் களத்தில் பயன்படுத்தும் கேள்விகள் இவ்வகையைச் சேர்ந்தவையே. பெயரையும் அப்பா பெயரையும் கேட்பதில் பயனில்லை. பழைய நினைவு பெரும்பாலும் கலைவதில்லை, கலைவது சற்று முன் நடந்ததன் நினைவு. ஒரு விடை பிசகினாலும் அவன் வெளியே வர வேண்டும். எல்லா விடைகளும் சரியாக இருந்தாலும், அடிபட்ட விதமோ நடையோ சந்தேகம் தந்தால் அப்போதும் வெளியே வர வேண்டும். இந்தக் கேள்விகள் வெளியே எடுப்பதற்கான காரணத்தைத் தரலாம். உள்ளே அனுப்புவதற்கான அனுமதியைத் தர முடியாது. வெளியே வந்தவன் அன்றைக்குத் திரும்பக் கூடாது. அடுத்த ஆட்டத்துக்கும் கூடாது, இறுதிப் போட்டிக்கும் கூடாது. 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மூளையதிர்ச்சி வல்லுநர்கள் 2023-இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை உட்பட இத்துறையின் வழிகாட்டிகள் எல்லாமே இதில் தளர்வு காட்டுவதில்லை. அந்த அறிக்கையோடு, மருத்துவம் படிக்காதவர்கள் களத்தில் வைத்துப் பார்ப்பதற்கென்றே அறிகுறிகளைச் சுருக்கித் தந்த ஒரு சிறு குறிப்பும் வெளியிடப்பட்டது. மாவட்டக் கபடிக் கழகங்கள் அத்தகைய குறிப்பை நல்ல தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, புள்ளிப் பதிவேட்டோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்தால் அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

எந்த அறிகுறிக்கு உடனே மருத்துவமனை என்பதையும் அதே பக்கத்தில் எழுதலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம், முன்னைவிடக் குழப்பம் அதிகமாதல், எழுப்பினால் எழாத உறக்கம் ஆகியவை காத்திருக்க இடம் தராதவை. இரவு இரண்டு மணிக்கு வேதாரண்யம் பக்கத்தில் ஒரு களத்திலிருந்து மூளை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையை அடைவது எளிதன்று. நாகப்பட்டினத்திலிருந்தே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 80 கிலோமீட்டர். திருவாரூரிலும், 2022 முதல் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருப்பது பெரிய ஆறுதல்; என்றாலும் 'விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்ற நான்கு மணி நேரத்தை எந்தத் தூரக் கணக்காலும் ஈடுசெய்ய முடியாது. போட்டி தொடங்கும் முன்பே, அருகில் இரவு முழுதும் இயங்கும் மருத்துவமனை எது, ஸ்கேன் எங்கே இருக்கிறது, களத்தின் வாசல்வரை ஆம்புலன்ஸ் வர வழி இருக்கிறதா என்று விழாக் குழு பார்த்து வைப்பதற்கு அரை மணி நேரம் போதும். பார்வையாளர் வண்டிகளால் வயல்வரப்புப் பாதை அடைபட்டுக் கிடப்பதை நான் எத்தனையோ களங்களில் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்து 'நார்மல்' என்று வந்ததும் வீடே பெருமூச்சு விடுகிறது. அந்த நிம்மதி நியாயமானதே. ரத்தக் கசிவும் எலும்பு முறிவும் இல்லை என்பதை அது சொல்லிவிட்டது. ஆனால் மூளையதிர்ச்சி ஸ்கேனில் தெரியாது என்பதால், அது இல்லை என்று அந்த ஸ்கேன் சொல்லவில்லை. 'ஸ்கேன் நார்மல், நாளைக்கே ஆடலாம்' என்ற முடிவுக்கு மருத்துவ அடிப்படை கிடையாது. அதுபோலவே அடிபட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஸ்கேன் வேண்டும் என்று பெற்றோர் வற்புறுத்துவதும் சரியன்று. தேவையில்லாத கதிர்வீச்சு பிள்ளைகளுக்குக் கூடாது என்பதால், அறிகுறிகளைப் பார்த்து யாருக்குத் தேவை என்று முடிவு செய்யும் முறைகள் மருத்துவர்களிடம் இருக்கின்றன.

வீட்டில், தலையில் அடிபட்டால் தூங்க விடக் கூடாது என்று பாட்டிமார் இரவு முழுக்கப் பிள்ளையை உட்கார வைத்திருப்பார்கள். கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற அளவில் அந்த அக்கறை சரியானது. மருத்துவர் பார்த்து, ஆபத்தான அறிகுறி இல்லை என்று அனுப்பிய பிள்ளையைத் தூங்க விடலாம். உறக்கம் மூளைக்கு நல்லது. முதல் இரவு பெரியவர் ஒருவர் பக்கத்தில் படுத்து, மருத்துவர் சொன்ன இடைவெளியில் பார்த்துக்கொண்டால் போதும். முதல் ஒன்று, இரண்டு நாட்கள் ஓய்வு தேவை. அதற்காக இருட்டறையில் பல நாள் படுக்க வைப்பது இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. வீட்டுக்குள் நடமாடுவதும் மெதுவாக நடப்பதும் குணமாவதை விரைவுபடுத்தும். முதல் 48 மணி நேரம் கைபேசித் திரையைக் குறைக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பிள்ளைகளிடம் நிறைவேற்றுவதற்குக் கடினமான அறிவுரை. வலி மாத்திரையைப் பொறுத்தவரை மருத்துவர் எழுதித் தந்ததைத் தவிர வேறு எதையும் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

பள்ளியை இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம் காலண்டர் அப்படி அமைந்திருக்கிறது. பொங்கலை ஒட்டிப் போட்டிகள். மார்ச்சில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு. தை மாதத்தில் அடிபட்ட பிள்ளை, மாசியில் புத்தகத்தைத் திறந்தால் தலை வலிக்கிறது என்கிறான், படித்தது நிற்கவில்லை என்கிறான், கரும்பலகை மங்குகிறது என்கிறான். வீட்டிலும் வகுப்பிலும் அது சோம்பலாகவே படுகிறது. தலையில் பட்ட இடியோடு யாரும் அதை முடிச்சுப் போடுவதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. அந்த வாரங்களில் சிறப்பு வகுப்பையும் தொடர் தேர்வுகளையும் குறைத்து, இடையிடையே ஓய்வு கொடுத்து, முன்வரிசையில் உட்கார வைத்து, நேரம் கூட்டித் தந்தால் அவன் படிப்பு தப்பும். விளையாட்டுக்குத் திரும்புவதற்கு முன் படிப்புக்குத் திரும்ப வேண்டும் என்பது வழிகாட்டிகள் எல்லாவற்றிலும் உள்ள வரிசை. உடற்கல்வி ஆசிரியர் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் இதற்கான வழி திறந்துவிடும்.

ஆட்டத்துக்குத் திரும்புவது ஆறு படிகளாக அமைய வேண்டும் என்று ஆம்ஸ்டர்டாம் அறிக்கை கூறுகிறது. கபடிக்கு அதைப் பெயர்த்துச் சொன்னால், முதலில் அன்றாட வேலையும் நடையும். பிறகு மிதிவண்டி அல்லது மெதுவோட்டம். அது தாங்கினால் யாரும் எதிரில் இல்லாமல் தனியாகக் கால் நகர்த்தும் பயிற்சி. இந்த மூன்றிலும் இலேசான தலைவலி சிறிது நேரம் வந்து போனால் பாதகமில்லை. அதற்கு மேல் போனால் அன்று நிறுத்தி மறுநாள் தொடரலாம். நான்காவதான, அணியோடு தொடுதல் இல்லாத பயிற்சிக்கு வரும்போது எல்லா அறிகுறிகளும் முற்றாக நின்றிருக்க வேண்டும். ஐந்தாவது, மருத்துவர் ஒப்புதலோடு உண்மையான பிடி. அதற்குப் பிறகே போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். பிரிட்டனின் 2023 வழிகாட்டி இன்னும் கண்டிப்பானது: அடிபட்டு 21 நாட்களுக்கு முன் போட்டி கூடாது, உடல் மோதும் பயிற்சிக்கே முந்தைய 14 நாட்கள் அறிகுறி இல்லாமல் இருந்திருக்க வேண்டும். விளையாட்டு மருத்துவர் எளிதில் கிடைக்காத நம் ஊர்களுக்கு இந்த 21 நாள் கணக்கே பொருத்தம் என்று நினைக்கிறேன். நாள் எண்ணுவதற்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை. தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு 'வலியில்லை' என்பது மட்டும் அறிகுறி இல்லாத நாளாகாது.

அடியே படாமல் தடுக்க என்ன செய்யலாம் என்பதில் பலர் முதலில் ஹெல்மெட்டைத்தான் சொல்வார்கள். ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை தளும்புவதை அதனால் நிறுத்த முடியாது. கார்க் பந்தில் கிரிக்கெட் ஆடும் சிறுவர்களுக்கு ஹெல்மெட் இல்லாமல் ஆட்டமே கூடாது என்பது வேறு விஷயம், அதில் விவாதத்துக்கு இடமில்லை. கபடியில் பயன் தருவது களமும் பிடிமுறையும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் களிமண் மாசியில் பாளம் பாளமாக வெடித்துப் பங்குனியில் கல்லாக இறுகுகிறது. அதைக் கொத்திப் புரட்டிச் சலித்த மண்ணும் மணலும் இடுவதோடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கயிற்று ஆலைகளில் குவிந்து கிடக்கும் தென்னை நார்க்கழிவையும் கலந்து பரப்பினால் தரை இளகும். எல்லைக் கோட்டை ஒட்டியே விளக்குக்கும் கயிற்றுக்குமாகச் சவுக்குக் கம்பங்களை நடும் வழக்கம் தரையைவிட ஆபத்தானது. டேஷ் வாங்கி வெளியே போகும் ரெய்டரின் தலை முதலில் சந்திப்பது அந்தக் கம்பத்தைத்தான். கம்பங்களைச் சில மீட்டர் தள்ளி நட்டு, சாக்குக்குள் வைக்கோல் திணித்துச் சுற்றிக் கட்டலாம். பிடிமுறையில், கணுக்காலைப் பிடிக்கப் பாயும் சிறுவர்கள் குனிந்த தலையை ரெய்டரின் முழங்காலுக்கு நேராகக் கொண்டு போகிறார்கள். தலை காலுக்கு வெளிப்பக்கம், கண் நிமிர்ந்து, தோள் முன்னே என்று மெதுவான வேகத்தில் நூறு முறை செய்யவைத்த பிறகே வேகப் பிடிக்கு விட வேண்டும். கனடாவில் சிறுவர் ஐஸ் ஹாக்கியில் உடலால் மோதித் தடுப்பதை விதியால் விலக்கியபோது மூளையதிர்ச்சிகள் பாதிக்கு மேல் குறைந்தன. விதியை மாற்றினால் தலைகள் தப்பும் என்பது அளந்து பார்க்கப்பட்ட உண்மை.

இனி நோட்டீஸுக்கு வருவோம். அதில் சேர்க்க வேண்டியது ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: தலையில் அடிபட்டதாக நடுவர் சந்தேகிக்கும் ஆட்டக்காரர் அன்றைய போட்டிகளில் மீண்டும் ஆட அனுமதிக்கப்பட மாட்டார், அவருக்குப் பதில் மாற்று ஆட்டக்காரர் இறங்கலாம், இதிலும் நடுவரின் தீர்ப்பே இறுதியானது. கபடியில் எழுவர் களத்தில் இருக்க, மற்றவர்கள் வெளியே காத்திருப்பதால் அணிக்குப் பெரிய இழப்பில்லை. கிரிக்கெட்டிலும் சர்வதேச அமைப்பு 2019 ஆகஸ்டு முதல் மூளையதிர்ச்சிக்கு மாற்று வீரரை அனுமதிக்கிறது. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஹெல்மெட்டில் அடிபட்ட ஜடேஜாவுக்குப் பதிலாகச் சாஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தபோது எதிரணியில் முணுமுணுப்பு எழுந்தது உண்மை. ஆனாலும் விதி நின்றது. நம் ஊர் டென்னிஸ் பந்துப் போட்டிகளில் பதினோரு பேருக்கு மேல் பெயர் கொடுக்க விடாத விதியை இதற்காகத் தளர்த்தலாம். நடுவர் உள்ளூர்க்காரராக இருந்து, வெளியே எடுக்கப்படுபவன் விழாக் குழுத் தலைவரின் மகனாக இருந்தால் என்ன செய்வது என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அச்சில் ஏறிய வரி இருந்தால் நடுவர் அதைக் காட்டி நிற்க முடியும். இல்லாவிட்டால் அவர் தன் துணிச்சலை மட்டுமே நம்பி நிற்க வேண்டும்.

வெளியே எடுத்த பிள்ளையைக் களத்தோரம் தனியாக உட்கார வைத்துவிட்டு எல்லாரும் ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவது வழக்கம். அவனோடு ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவனை வண்டி ஓட்ட விடக் கூடாது, வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும், அழைத்துப் போக வருபவர் கையில் ஒரு சீட்டு கொடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு, எதில் மோதினான், மயக்கம் வந்ததா, எவ்வளவு நேரம், வாந்தி எடுத்தானா, என்ன கேட்டு என்ன விடை சொன்னான், கவனிக்க வேண்டிய அறிகுறிகள் என்னென்ன என்று அதில் எழுதியிருக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு அவன் அம்மா அவனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போக நேர்ந்தால், பணியில் இருக்கும் மருத்துவர் அநேகமாக முதலில் கேட்பது எப்போது அடிபட்டது, எப்படி அடிபட்டது என்பதாகவே இருக்கும். களத்தில் இல்லாத அவருக்கு அதைச் சொல்ல அந்தச் சீட்டைத் தவிர வேறு எதுவும் இருக்காது.